ரூபாய்க்குக் கிடைக்காத கப்பல் சீட்டு: செலாவணிக் கட்டுப்பாடும் பேராக் தோட்டத் தமிழரும்



நம் நாட்டுத் தமிழர் வரலாற்றைப் பேச வருவோர் வருகையிலிருந்து தொடங்குவது வழக்கம். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த குடியேற்ற முகாம்கள், கப்பலின் மேல்தட்டு, பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்புக் காவல், பிறகு இரயில், பிறகு பேராக்கின் பால்மரக் காடுகள் என்று அந்தக் கதை நமக்குப் பழகிப்போன ஒன்று. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது பிற்காலத்துப் பயணம் ஒன்றின் மறுபாதி. இங்கே பிறந்தோ நெடுநாள் வாழ்ந்தோ வேரூன்றிய ஒரு தோட்டத் தொழிலாளி, உற்றாரைக் காணத் தமிழ்நாட்டுக்குச் செல்கிறார். அவர் மீண்டும் ஈப்போவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் கப்பலுக்கான சீட்டை எந்த நாட்டுப் பணத்தால் வாங்குவது? ரூபாயால் வாங்க இயலாது என்பதே பல்லாண்டுகளாக இதற்கு விடையாக இருந்தது. அது ஏன், அதனால் யார் எந்தக் கரையில் தங்கிப்போயினர் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் தோட்டங்களில் பணத்திற்கு வழங்கிய பெயர் 'வெள்ளி'. டாலர் என்பது வங்கியின் சொல். ரிங்கிட் பின்னர் வந்தது. வெள்ளி நாணயம் புழக்கத்திலிருந்து மறைந்து நெடுங்காலமான பின்னும் சம்பள நாளில் மக்கள் எண்ணியது வெள்ளியைத்தான். ரூபாய் என்பது 'ஊர்ப்பணம்'. இவ்விரு சொற்களுக்கும் இடையே ஒரு கடல் இருந்தது போலவே, பின்னாளில் ஒரு சட்டமும் இருந்தது.

நம் முன்னோருள் பலர் சீட்டின் விலையை அறியாமலே வந்தவர்கள். 1907-இல் அமைந்த இந்தியக் குடியேற்றக் குழு, தோட்ட முதலாளிகளிடம் அவர்கள் வேலைக்கு வைத்திருந்த இந்தியத் தொழிலாளர் கணக்குப்படி வரி தண்டி ஒரு நிதியைத் திரட்டியது. கப்பல் செலவை அந்த நிதி ஏற்றது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை படுவீழ்ச்சி அடைந்தபோது, வேலையிழந்தோரை இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் திருப்பி அனுப்பிய செலவும் பெரும்பாலும் அந்த நிதியினுடையதே. வரும்போதும் போகும்போதும் சீட்டை வேறொருவர் வாங்கினார். பயணம் எப்போது என்பதையும் அந்த வேறொருவரே முடிவு செய்தார். 1938 ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. அதன்பின் கடல் கடக்க விரும்பியவர் தம் கைப்பணத்தை எண்ணிப் பார்க்க வேண்டியவரானார்.

அடுத்த ஆண்டே உலகப்போர் மூண்டது. 1939 செப்டம்பரில் பிரிட்டன் தன் பேரரசு முழுவதும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. பவுனைத் தம் நாணயத்துக்கு ஆதாரமாகக் கொண்ட நாடுகள் ஒரே வேலிக்குள் அடங்கின. அதுவே ஸ்டெர்லிங் வட்டாரம் எனப்பட்டது. வேலிக்குள் பணம் பொதுவாகத் தடையின்றி நகரலாம். வேலியைத் தாண்டி அமெரிக்க டாலர் தேவைப்பட்டால் அனுமதி வேண்டும். மலாயாவும் இந்தியாவும் அந்த வேலிக்குள்ளேதான் இருந்தன.

போருக்குப் பின் அவ்வட்டாரத்துக்கு மிகுதியான அமெரிக்க டாலரை ஈட்டித் தந்தது மலாயா என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். ஈட்டித் தந்தவை இரண்டு பொருள்கள். ஒன்று ஈயம், அதன் பெருஞ்சுரங்கம் நம் கிந்தாப் பள்ளத்தாக்கு. மற்றொன்று ரப்பர். சுங்கை சிப்புட்டிலும் தெலுக் ஆன்சனிலும் விடியுமுன் தலைவிளக்குடன் நிரையில் இறங்கியவர்கள் சீவிய பால், அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குச் சென்று டாலராகி, லண்டனின் பொதுக் கையிருப்பில் சேர்ந்தது. தம் உழைப்பால் அந்நியச் செலாவணியை ஈட்டியவர்கள், அச்சொல்லை முதன்முதலாகக் கேட்டது கப்பல் முகவர் அலுவலகத்தின் சன்னலில் என்பது வரலாற்றின் விந்தை.

இப்போது கணக்குக்கு வருவோம். மலாயா வெள்ளி ஒன்றுக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ். ரூபாய் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். ஆகவே 100 வெள்ளிக்கு ஏறத்தாழ 155 ரூபாய். இந்த விகிதம் 1966 வரை பெரிதும் மாறவில்லை. பேராக்கிலிருந்து தஞ்சைக்கோ திருச்சிக்கோ பணம் அனுப்புவது எளிது. அஞ்சலகத்தில் மணியார்டர் எழுதினால் போதும். எழுதத் தெரியாதவருக்குக் கிராணியோ தோட்டப் பள்ளி ஆசிரியரோ எழுதிக் கொடுப்பார். இந்த அவையில் ஆசிரியர்கள் அமர்ந்திருப்பதால் சொல்கிறேன்: ஒரு தலைமுறை ஆசிரியர்களின் ஞாயிற்றுக்கிழமைகள் மணியார்டர் படிவத்திலேயே கழிந்தன.

போன பணம் திரும்பி வருமா என்ற கேள்வி அக்காலத்தில் எழவில்லை. திரும்பி வரத் தேவையில்லாத பணம் என்றே அதை அனைவரும் கருதினர். சிக்கல் அங்கேதான் முளைத்தது. விடுதலைக்குப் பின் இந்தியா தன் நாட்டிலிருந்து பணம் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தியது. 1947-இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் அதற்குக் கருவியாயிற்று. போரின்போது லண்டனில் குவிந்திருந்த இந்தியாவின் பவுன் இருப்பு, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இயந்திர இறக்குமதியில் கரைந்தது. 1957-58-இல் செலாவணி நெருக்கடி முற்றியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பவுனுக்கும் காவல் போடப்பட்டது. ஆகவே ஸ்டெர்லிங் வேலிக்குள்ளேயே இந்தியா தனக்கென இன்னொரு வேலியை எழுப்பிக்கொண்டது. அந்த வேலியின் கதவு உள்ளே மட்டும் திறக்கும். வெள்ளி உள்ளே போகும். ரூபாய் வெளியே வராது.

கப்பல் சீட்டு இதில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். பொருளியல் படிக்கும் மாணவர்க்கு இது நல்ல பயிற்சி. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற தடத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதன் உரிமையாளர் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனம். சென்னையில் ஒருவர் ரூபாய் கொடுத்து அக்கப்பலில் சீட்டு வாங்கினால், நிறுவனம் அந்த ரூபாயைப் பவுனாக்கி லண்டனுக்கு எடுத்துச் செல்லும். கணக்கேட்டில் அது ஓர் இயந்திரத்தை இறக்குமதி செய்வதற்கு ஒப்பானது. ஆகவே இயந்திர இறக்குமதிக்கு உரிமம் கேட்ட அரசு, பயணச் சீட்டுக்கும் உரிமம் கேட்டது. இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டுப் பயணச் சீட்டு வாங்குமுன் 'பி' படிவம் எனப்பட்ட தாளை நிரப்பி ரிசர்வ் வங்கியின் ஒப்புதலைப் பெற வேண்டும். இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டார்க்கு வேறு விதி. அவர் சீட்டின் விலையை அந்நியப் பணத்திலேயே செலுத்த வேண்டும்; அல்லது தாம் கொண்டுவந்த அந்நியப் பணத்தை அங்கீகாரம் பெற்ற வங்கியில் மாற்றியதற்கான சான்றைக் காட்டி, அந்த ரூபாயால் செலுத்த வேண்டும். சான்றில்லாத ரூபாய், எவ்வளவு நேர்மையாக வந்ததாயினும், சீட்டுக்குச் செல்லாது.

'ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்' போன்ற இந்தியக் கப்பல்களில் ஏறினால் பணம் இந்தியாவிலேயே தங்கிவிடுமே, அங்கும் ஏன் இந்த விதி என்று வினவலாம். வெளிநாட்டுப் பயணி இந்தியக் கப்பலில் ஏறுவது ஏற்றுமதி. ஏற்றுமதிக்கு ரூபாயை வாங்கிக்கொண்டால் ஈட்டக்கூடிய செலாவணி கைநழுவும். விதியின் தருக்கத்தில் ஓட்டை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்காலத்தில் இவ்வாறு செய்தது இந்தியா மட்டுமன்று. 1966-இல் பிரிட்டனே தன் குடிமக்கள் ஸ்டெர்லிங் வட்டாரத்துக்கு வெளியே சுற்றுலா சென்றால் 50 பவுனுக்கு மேல் செலவிடலாகாது என்று வரம்பு விதித்தது. தங்கக் கடத்தல்காரர் ரூபாயை வளைகுடாவுக்குக் கொண்டுபோய்ப் பவுனாக்குவதைத் தடுக்க, 1959-இல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய்த் தாள்கள் அச்சாயின. ஹஜ் பயணிகளுக்கும் தனித் தாள் உண்டு. பணத்தாளைக் கண்டு அரசுகள் அஞ்சிய காலம் அது.

ஆயினும் விதி யாரை நினைத்து எழுதப்பட்டது, யார்மீது விழுந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிக்கு இது ஒரு சிறு தொல்லை. அவரிடம் பயணக் காசோலைகள் இருந்தன. வங்கியில் ஒரு தாளைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்தால் முடிந்தது. அவருக்கு இந்தியாவில் சொத்தில்லை, பங்காளியில்லை. நம்மவர் நிலை வேறு. ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பாருங்கள். ஈப்போவுக்கு வடக்கே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தந்தை இறந்தபின் நாகப்பட்டினத்தருகே பங்கு நிலத்தை விற்கச் செல்கிறார். 1,000 ரூபாய் கிடைக்கிறது. 1960-இன் விகிதப்படி அது 640 வெள்ளிக்குச் சற்று மேல். தோட்டக் கூலிக்கு அது பெருந்தொகை. துறைமுகம் கூப்பிடு தூரம். கப்பல் அங்கேயே வந்து நிற்கும். மடியில் ஆயிரம் ரூபாயோடு நிற்கும் அவருக்குச் சீட்டு இல்லை. அந்த ஆயிரத்தை வெள்ளியாக மாற்றிக் கொண்டுவரவும் வழியில்லை. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது அதே ஆயிரம் 408 வெள்ளியாகச் சுருங்கியது. மாற்றவே முடியாத பணம் குறைந்தாலென்ன, கூடினாலென்ன என்று ஒருவர் கசந்து சொன்னால் அதை மறுப்பதற்கில்லை. 1974 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்கீழ், இந்தியக் குடியுரிமை இல்லாதவர் நிலத்தையோ வீட்டையோ வைத்திருக்கவும் விற்கவும் கூட ரிசர்வ் வங்கியின் இசைவு வேண்டும் என்றாயிற்று.

இந்த இடத்தில் இன்னொரு தாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த மலாயாக் குடிநுழைவுச் சட்டப்படி, குடியுரிமை பெறாத நிரந்தரவாசி வெளியே சென்று திரும்ப மறுநுழைவு அனுமதி வேண்டும். அதற்குக் காலவரம்பு உண்டு. சீட்டுக்கு அந்நியப் பணம் தேடி அலையும்போதே அந்த நாள் நெருங்கிக்கொண்டிருக்கும். நாள் கடந்தால், கையில் சீட்டிருந்தும் பினாங்கில் இறங்கும் உரிமை இல்லாமற் போகலாம். சீட்டு சென்னையின் சட்டத்துக்கும், அனுமதி மலாயாவின் சட்டத்துக்கும் உட்பட்டவை. இவ்விரு நாட்காட்டிகளுக்கும் இடையே அகப்பட்டவர் தோட்டத் தொழிலாளி. அனுபவப்பட்டவர்கள் இதற்குக் கண்ட வழி ஒன்றே: புறப்படும்போதே போகவர இருவழிச் சீட்டையும் பினாங்கில் வெள்ளி கொடுத்து வாங்கிவிடுவது. ஒருவழிச் செலவுக்கே கூட்டுப்பிடித்துக் கடன் வாங்கியவர்க்கு அது எளிதன்று.

உறவுமுறை ஒன்றிருந்தால் வேறொரு வழியும் இருந்தது. சட்டம் அதை ஏற்கவில்லை. ஈப்போவில் இருப்பவர் தம் ஊர்க்காரருக்காக வெள்ளி கட்டிச் சீட்டெடுப்பார். சீட்டைப் பெற்றவர் அதற்கு ஈடான ரூபாயை, வெள்ளி கட்டியவரின் குடும்பத்துக்கு ஊரிலேயே கொடுத்துவிடுவார். பணம் கடலைக் கடக்கவே இல்லை. இதற்கு மக்கள் இட்ட பெயர் 'உண்டியல்'. மொழியார்வலர் கூடிய இந்த அவையில் இச்சொல்லைச் சற்றே தொட்டுச் செல்ல வேண்டும். நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் வணிகத்தில் உண்டியல் என்பது மதிப்பும் நாணயமும் மிக்க மாற்றுச்சீட்டு. வங்கிகள் ஏற்றுக்கொண்ட தாள். செலாவணிச் சட்டத்துக்குப் பின் அதே சொல் மறைவாகப் பணம் மாற்றுவதைக் குறிக்கலாயிற்று. செயலில் பெரிய மாற்றமில்லை. சட்டம் மாறியதும் சொல்லின் மரியாதை போயிற்று.

இதே காலத்தில் பேராக்கிலும் பிற மாநிலங்களிலும் பிரிட்டிஷ் தோட்டங்கள் பல விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டன. விற்ற பணம் ஸ்டெர்லிங் வட்டாரத்துக்குள் லண்டன் செல்ல இங்குத் தடையிருக்கவில்லை. தோட்டத்தை விற்றவரின் மூலதனம் கடல் கடந்தது. தோட்டத்தில் உழைத்தவர் ஊரில் விற்ற அரை ஏக்கர் கடக்கவில்லை. இரண்டும் ஒரே வட்டாரத்துக்குள் நிகழ்ந்தவை. ஆனால் விதி வகுத்தவர்கள் வேறு வேறு அரசுகள் என்பதையும் நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். துண்டாடலுக்கு எதிராகச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரிடம் மாதந்தோறும் சிறு தவணையாகத் திரட்டிய வெள்ளியால் அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. அதை நிலமீட்பு முயற்சி என்று மட்டுமே நாம் கற்பிக்கிறோம். ஊருக்குப் போய் ரூபாயாகி அங்கேயே அடைபட்டிருக்கக்கூடிய சேமிப்பு இந்த மண்ணிலேயே பங்காக நின்றது என்ற கோணமும் அதில் உண்டு என்பது என் கருத்து.

மிகக் கடுமையாக இவ்விதி கடித்தது 1969-க்குப் பின். குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1968-இல் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டு நடைமுறைப்படுத்தப்பட்டது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அதையொட்டி இந்தியாவுக்குப் புறப்பட்டோர் ஏறத்தாழ 60,000 பேர் என்று ஆய்வாளர் கணக்கிடுவர். நாட்டைவிட்டு நீங்குவோர் என்ற முறையில் ஊழியர் சேமநிதியை எடுத்துக்கொண்டு சென்றவர்கள் அவர்களில் இருந்தனர். வாழ்நாள் உழைப்பின் வெள்ளி சென்னையில் ரூபாயாயிற்று. ஆனால் எல்லாரும் குடும்பத்தோடு செல்லவில்லை. நீலக் கார்டு வைத்திருந்த மகனோ மணமான மகளோ இங்கேயே தங்கினர். பேரக்குழந்தை பிறந்தது என்று கடிதம் வந்தால் தாத்தா புறப்பட முடியாது. அவர் இப்போது இந்தியாவில் குடியிருப்பவர். 'பி' படிவம் அவருக்குரியது. சென்றமுறை அவரிடமிருந்த வெள்ளி இப்போது இல்லை. மகள் இங்கிருந்து வெள்ளி கட்டிச் சீட்டு அனுப்பினால்தான் வழி. தோட்டக் கூலியில் அது எத்தனை மாதச் சேமிப்பு என்பதை அக்காலச் சம்பளத்தை அறிந்தவர் எண்ணிக்கொள்ளலாம். பெற்றோரை மீண்டும் காணாமலே போன மக்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர்.

வங்கித் துறையிலும் பாலம் ஒடுங்கியது. 1969-இல் இந்திய வங்கிகள் நாட்டுடைமையாயின. அந்நிய அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே இயங்கலாகாது என்பதால், மலேசியாவிலிருந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகியவற்றின் கிளைகள் 1973-இல் யுனைடெட் ஏசியன் வங்கியாக இணைந்தன. அதே ஆண்டு ரஜூலா இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, மறு ஆண்டு உடைக்கப்பட்டது. அதன் தடத்தில் வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழக்க, கப்பல் பயணமே ஓய்ந்தது. விமானம் வந்தது. பணம் மாற்றிய சான்றைக் கேட்கும் விதி விமானச் சீட்டுக்கும் தொடர்ந்தது. 1990களில் இந்தியாவின் பொருளாதாரம் திறக்கப்பட்டபோதே அது தளர்ந்தது. பழைய சட்டம் 2000 ஜூனில் அகன்றது.

இதற்கிடையே நம் நாட்டிலும் ஒரு திருப்பம். 1998 செப்டம்பரில் ரிங்கிட் ஒரு டாலருக்கு 3.80 என நிலைநிறுத்தப்பட்டது. பயணிகள் 1,000 ரிங்கிட்டுக்கு மேல் தாளாகக் கொண்டுசெல்லத் தடை வந்தது. அக்டோபர் 1-க்குப் பின் நாட்டுக்கு வெளியே தங்கிய ரிங்கிட் செல்லாது என அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுத் திருத்தலப் பயணத்துக்குப் புறப்பட்ட ஈப்போவாசிகள், தம் பாட்டன் ரூபாயை எண்ணிக் கலங்கியதுபோல் ரிங்கிட்டை எண்ணிப் பார்த்தனர். வெள்ளி எங்கும் செல்லும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர்க்கு அது புதிய பாடம். முதியோர்க்கு முற்றிலும் புதிதன்று: ஜப்பானியர் காலத்து வாழைமரத் தாள் 1945-இல் வெறும் தாளானதையும், ஸ்டெர்லிங் மதிப்பிறக்கத்தால் 1967 நவம்பரில் பழைய வெள்ளித்தாள் 85 காசாகக் குறைந்ததையும் அவர்கள் கண்டவர்கள்.

இறுதியாக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன; லயங்கள் இடிந்தன. அங்கிருந்து பெயர்ந்தவர்கள் வீட்டுப் பரண்களில் தகரப்பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் கப்பல் சீட்டின் அடிக்கட்டை, மறுநுழைவு அனுமதித் தாள், வங்கி முத்திரையிட்ட பணம் மாற்றிய சான்று ஆகியவை கிடைக்கக்கூடும். மாணவர்கள் அவற்றைப் படமெடுத்து, மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளட்டும்: நாள், வழங்கிய ஊர், விலை எழுதிய நாணயம். பினாங்கில் வெள்ளியில் வாங்கிய இருவழிச் சீட்டா, சென்னையில் சான்று காட்டி வாங்கியதா என்பது அந்த மூன்றாவது குறிப்பில் தெரியும். ஒருவழிச் சீட்டு மட்டும் இருந்தால், சென்றவர் யார், திரும்பினாரா என்று அந்த வீட்டு மூத்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.